‘யாரு சார் இந்த வேலையப் பார்த்தது?’: தமிழ் இல்லங்களில் மின்பணியாளர் தெரிவு குறித்த ஓர் ஆய்வு

எந்தப் பொருளை ஆய்ந்தாலும் சங்க காலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் கல்விப்புலத்தின் எழுதாச் சட்டம். சங்கப் பாடல்களில் சுவிட்ச் போர்டு பற்றிய குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காமையே, அக்காலத்தில் வயரிங் முழுவதும் சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தது என்பதற்கு அகச்சான்று எனக் கொள்ள இடமுண்டு. அந்தக் கண்டுபிடிப்பை வேறொருவரின் முனைவர் பட்டத்துக்கு விட்டுவைத்துவிட்டு, பைக்காராவில் நீர்மின் உற்பத்தி தொடங்கிய 1932 முதல் இன்றுவரை என்று இக்கட்டுரை தன் கால எல்லையை வகுத்துக்கொள்கிறது. இடையிலுள்ள ஈராயிரம் ஆண்டுகளைத் தாண்டிக் குதித்தமைக்கு அவையோர் பொறுத்தருள்க. கருதுகோள் இது: குடிவருபவரிடம் ஆதார் நகலும், பெண் வீட்டாரிடம் ஜாதகமும், சிலிண்டர் கொண்டுவருபவரிடம் எடையும் கேட்டுச் சரிபார்க்கும் தமிழ் இல்லறத்தார், 230 வோல்ட் ஓடும் பெட்டியைத் திறக்க வருபவரிடம் மட்டும் ஒரு காகிதமும் கேட்பதில்லை. இதை அலட்சியம் என்பார் மேம்போக்காளர். அலட்சியம் அன்று. இதன் பின்னால் முழுமையான ஓர் அறிவுக் கோட்பாடு இயங்குகிறது. அதன் பெயர் ‘தெரிஞ்ச ஆள்’.

ஆய்வு மூலங்களைப் பற்றி ஒரு சொல். முதன்மைச் சான்று, மெயின் போர்டு மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும் குறிப்புகள். ‘ஹால்’, ‘கிச்சன்’, ‘மோட்டர்’ என்று மூலபாடம் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. பின்வந்தோரின் இடைச்செருகல்களால், இன்று ‘கிச்சன்’ என்ற எம்.சி.பி.யை இறக்கினால் மாடிப்படி விளக்கு அணைகிறது. ‘மோட்டர்’ என்பதை இறக்கினால் எதுவுமே அணைவதில்லை. துணைச் சான்றுகள் இரண்டு உரைகள். கீழ்வீட்டு உரை மூலத்துக்கு நெருக்கமானது, ஏனெனில் மீட்டர் அவர் வாசலில் இருக்கிறது. மாடிவீட்டு உரை நுட்பமானது, ஏனெனில் அவர் மகன் பொறியியல் படிக்கிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாலும். இவ்விரு உரைகளும் முரண்படாத ஒரே இடம், எலக்ட்ரீஷியன் ‘நாளைக்குக் காலையில வந்துர்றேன்’ என்று சொன்ன இடம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஆய்வாளர்கள் பொதுவாகப் பின்னிணைப்பில் போட்டு மறைப்பார்கள். இங்கே முன்னாலேயே சொல்லிவிடலாம். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி, வீட்டு வயரிங்கைக் கூட்டுவது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உடைய ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இது 29ஆம் எண்ணில் குடியேறியது. 2023இல் ஒழுங்குமுறைகள் புதுப்பிக்கப்பட்ட பிறகும் சாரம் அதேதான். விதிவிலக்கும் உண்டு, அதுவும் தாராளமான விலக்கு: பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை இருந்தது போலவே மாற்றுவதற்கு உரிமம் வேண்டியதில்லை. அதனால் இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதிருந்தால் போதும். போன பல்புக்கு வேறு பல்பு போடுவது இந்த விலக்குக்குள் அடங்கும். படுக்கையறையில் ஏ.சி. வைப்பதற்காக ஹாலிலிருந்து ஒரு வயரை இழுத்துக்கொண்டு போவது அடங்காது. தமிழ் இல்லறத்தார் பின்னதையும் ‘சின்ன வேலை’ என்ற தலைப்பின் கீழ் வகைப்படுத்தியிருப்பது ஒரு வகைப்பாட்டுப் பிழை; அதன் விளைவுகளைப் பின்னர் காண்போம்.

இனி, இல்லங்களில் மின்வேலை பார்ப்போர் வகை. ஒன்று, வீட்டுக்காரரே. மூன்று முள் சாக்கெட்டின் மேல்துளையில் ஸ்குரூ டிரைவரைச் செருகி, இரண்டு முள் பிளக்கைக் கீழே திணிக்கும் வித்தை இவருடையது. எர்த் முள் ஏன் மற்ற இரண்டைவிடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கிறது, அதுதான் உள்ளே முதலில் தொட்டு, வெளியே வரும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகத்தானே, என்ற கேள்வி இவரை ஒருநாளும் தீண்டியதில்லை. இரண்டு, மச்சினர். இவரைப் பற்றி எழுதுவது குடும்ப அமைதிக்கு உகந்ததன்று. மூன்று, குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர். ‘அதையும் பார்த்துர்றேன் சார்’ என்பார், பார்த்தும் விடுவார். நான்கு, எலக்ட்ரிக்கல் கடைக்காரர் அனுப்பிய பையன். ஐந்து, லைன்மேன், கம்பத்து வேலை தெரிந்தவருக்கு வீட்டு வேலையும் தெரிந்திருக்கும் என்பது கீழ்வீட்டு உரையின் கொள்கை. ஆறு, உரிமம் உள்ளவர். இந்த ஆறாம் வகையினர் அரிதாகவே தென்படுகிறார்கள். அவர்கள் குறைவு என்பதனால் அன்று. உரிமம் இருக்கிறதா என்று கேட்டால்தானே தென்படுவார்கள்.

இந்த ஆறு வகையினருக்கும் பொதுவான ஒரு சடங்கு உண்டு. இதுவரை எந்த ஆய்வும் அதற்கு உரிய இடம் தரவில்லை. போர்டின் திருகாணிகளைக் கழற்றி, அவற்றை உதட்டில் கவ்விக்கொண்டு, மூடியை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்ததும், மின்பணியாளர் ஒரு பெருமூச்சோடு கேட்கும் கேள்வி அது: ‘யாரு சார் இந்த வேலையப் பார்த்தது?’ இது சென்னைப் பாடம். கோவைப் பாடத்தில் ‘யாருங்க இந்த வேலையச் செஞ்சது?’ என்று மரியாதை கூடுகிறது. ஆனால் ‘இந்த’வில் அழுத்தம் கூடி அந்த மரியாதையைச் சமன்செய்துவிடுகிறது. மதுரைப் பாடம் ‘யாருண்ணே இதப் பாத்தது?’ நெல்லைப் பாடம் தனித்து நிற்கிறது: ‘எவம்ல இதப் பாத்தான்?’ இது வீட்டுக்காரரை நோக்கிய கேள்வியன்று, உதவிக்கு வந்த பையனை நோக்கியது. வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுவது. பாடங்கள் வேறுபட்டாலும் தொடர்ந்து வரும் விரிவுரை எங்கும் ஒன்றே: நியூட்ரல் எல்லாம் லூசு, பச்சை வயரில் பேஸ், எர்த் வந்து சேரவேயில்லை, டேப் சுற்றாத ஜாயின்ட். இவை பெரும்பாலும் உண்மை என்பதுதான் சங்கடம்.

இக்கேள்விக்கு வீட்டுக்காரர் தரும் விடையும் மாறுவதில்லை: ‘தெரிஞ்ச ஆள்தாங்க.’ இங்கேதான் நம் கோட்பாடு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. போனமுறை வந்தவர் தெரிந்த ஆள். அவர் வேலை பிழை. இப்போது வந்திருப்பவரும் தெரிந்த ஆள்; அடுத்தமுறை போர்டு திறக்கப்படும்போது ‘இந்த வேலை’ என்பது இவருடைய வேலையாக இருக்கும். வரிசையைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால், வீடு கட்டும்போது பைப் புதைத்த ஆதி மின்பணியாளரிடம் போய் நிற்போம். அவருக்கு முன்னால் யாருமில்லையே, அவர் யாரை ஏசியிருப்பார்? மாடிவீட்டு உரையின் மீது மூன்றாம் மாடிக் குடித்தனக்காரர் செய்த குறிப்புரை (வாய்மொழி மரபு, மின்தடை நேரத்தில் மொட்டை மாடியில் அருளப்பட்டது, சுவடி இல்லை, கொசுவர்த்திச் சாம்பல் உண்டு) இதற்கு விடை சொல்கிறது: அவர் கொத்தனாரை ஏசினார், பூசும்போது பைப்பை நசுக்கிவிட்டார் என்று. கொத்தனார் மேஸ்திரியை ஏசினார். மேஸ்திரி இன்ஜினியரை ஏசினார். இன்ஜினியர், செலவைக் குறை குறை என்ற வீட்டுக்காரரை ஏசினார். இந்தக் குறிப்புரைக்குப் பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் ஓர் அரும்பத விளக்கமும் செய்திருக்கிறார். அதன் முற்பகுதி லாரி ஹார்னில் சிதைந்துபோக, ‘எல்லாம் ஓனரு தலையிலதான் சார் விடியும்’ என்ற இறுதி அடி மட்டுமே எஞ்சியது. செம்பதிப்பு ஒன்று அவசரத் தேவை.

முன்னவரை ஏசாமல் தன் வேலையைத் தொடங்க முடியாத இன்னொரு தொழிலும் உலகில் உண்டு. அத்தொழிலில் இச்சடங்குக்கு ‘முன்னாய்வுகள்’ என்று பெயரிட்டுத் தனி இயலே ஒதுக்கியிருக்கிறார்கள். முந்தைய ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கத் தவறினர், அதை விரிவாக ஆராயவில்லை, இடைவெளி விட்டனர் என்று முப்பது பக்கம் எழுதிய பிறகே சொந்தச் சரக்குக்கு வருவது மரபு. இரண்டு தொழிலுக்கும் ஒரேயொரு வேறுபாடு: மின்பணியாளர், முன்னவர் செய்ததைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் குறை சொல்கிறார்.

ஆக, ‘தெரிஞ்ச ஆள்’ கோட்பாட்டின் குறை அவருக்கு வேலை தெரியாது என்பதன்று. பலருக்கு நன்றாகவே தெரியும். பிழை என்று வந்தால் அதற்கு முகவரி இல்லை என்பதே குறை. உரிமம் தருவது இந்த முகவரியைத்தான். தமிழ்நாட்டில் இதற்கென்று கிண்டியில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் என்று படிப்படியாகச் சான்றிதழ்களும், ஒப்பந்ததாரருக்கு உரிமமும் அங்கிருந்து வருகின்றன. உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதுவதற்கே வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவமும் 21 வயதும் கேட்கிறார்கள். உரிமம் உள்ளவர் வேலையை முடித்தால், அளந்து பார்த்து எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 500 வோல்ட் செலுத்தி மெகர் வைத்துப் பார்க்கும்போது வயருக்கும் தரைக்கும் இடையே இன்சுலேஷன் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். எர்த்தின் தடையும் அளக்கப்பட வேண்டும். தெரிந்த ஆளின் சட்டைப் பையில் இருப்பது டெஸ்டர். அது பேஸ் வருகிறதா என்று மட்டும் சொல்லும். எர்த் நல்ல எர்த்தா என்று கேட்டால் டெஸ்டருக்கு விடை தெரியாது; தெரிந்த ஆளும் அதைக் கேட்பதில்லை.

மறுப்பு ஒன்று: ‘எங்க ஆள் இருபது வருஷமாப் பார்க்கிறார், ஒண்ணும் ஆனதில்ல.’ இது பட்டறிவு வாதம், எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் மின்சாரத்தின் இயல்பே இவ்வாதத்துக்கு எதிரானது. எர்த் அறுந்துபோன வீட்டிலும் ஃபேன் சுற்றும், டி.வி. ஓடும், மிக்ஸி அரைக்கும். எர்த் இல்லாத குறை, கெய்சரின் ஹீட்டிங் காயிலில் ஒரு விரிசல் விழுந்து அதன் உடம்பில் மின்சாரம் ஏறும் அன்றைக்குத்தான் தெரியும். எம்.சி.பி. அப்போது காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கில், மனித உடல் வழியாக ஓடக்கூடிய மின்னோட்டம் கண்ணுக்கே தெரியாத சில்லறை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி.தான் அதைப் பார்க்கும். அது பல பழைய போர்டுகளில் இல்லை. இருக்கிற இடங்களிலும் ‘அடிக்கடி விழுந்து தொல்லை பண்ணுது’ என்று தெரிந்த ஆள் அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுத்திருப்பார். ஒன்றும் ஆகாத இருபது வருடம் என்பது, இந்தக் கசிவு ஒருமுறையும் நேராத இருபது வருடம் மட்டுமே.

இதே இனத்தைச் சேர்ந்தது ஏ.சி. விவகாரம். விளக்குக்குப் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏ.சி.யைக் கோத்துவிட்டால் எம்.சி.பி. விழுகிறது. விழுவதை நிறுத்தத் தெரிந்த ஆள் கண்ட வழி, 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது. பிறகு விழுவதேயில்லை, வீட்டாருக்கு மகிழ்ச்சி, ஆளுக்குக் கைராசிக்காரர் என்ற பட்டம். எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அன்று, சுவருக்குள் ஓடும் வயரை. காவலைத் தளர்த்தியதும், ஃபியூஸின் வேலையை அந்த வயரே ஏற்றுக்கொள்கிறது, பூச்சுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல். பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குள் நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியவரின் நேர் வாரிசு இவர், மரபு அறுபடவில்லை.

மறுப்பு இரண்டு: உரிமம் உள்ளவர் கூலி அதிகம் கேட்பார், சின்ன வேலைக்கு வரமாட்டார். உண்மைதான். சின்ன வேலைக்கு அவர் வேண்டாம் என்று சட்டமே சொல்லிவிட்டது என்பதை மேலே கண்டோம். புது லைன் இழுப்பது, ஏ.சி., கெய்சர், இன்வெர்ட்டர் வைப்பது, போர்டு மாற்றுவது, எர்த் போடுவது, இவற்றுக்குத்தான் அவர். ஒரு வீட்டில் இவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று எண்ணிப் பார்த்தால் கூலி வாதம் மெலிந்துவிடும். மாடுலர் சுவிட்சின் நிறம் சுவர் பெயின்ட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செலவிடப்படும் தொகையோடு இதை ஒப்பிடும் பணியை, புள்ளியியல் துறையினருக்கு விட்டுவிடுகிறேன்.

மறுப்பு மூன்றுதான் வலுவானது: வேலையைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தரும் உரிமக்காரர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். பணம் கட்டினால் கட்டுரையைப் படிக்காமலேயே கருத்தரங்க மலரில் சேர்த்து ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் கொடுக்கும் ஏற்பாடு உள்ள நாட்டில், இது ஒன்றும் வியப்பன்று. ஆனாலும் பார்க்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துத்தான். அதில் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். விபரீதம் நேர்ந்தால் கேட்க ஓர் இடம் உண்டு, பறிக்க ஓர் உரிமம் உண்டு. தெரிந்த ஆளிடம் பறிக்க என்ன இருக்கிறது? அவர் செல்போன் எண். அதுவும் அன்றைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

ஆகவே தீர்ப்பு இது: புது லைனோ போர்டு மாற்றமோ என்றால், வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள், அளந்த கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். இம்முடிவை மறுக்க விரும்பும் அறிஞர்கள் எழுத உட்காருமுன் தம் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று பொறித்த சின்னப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டுகிறேன். அழுத்தியதும் நெம்புகோல் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படியொரு பொத்தானே போர்டில் இல்லை என்றாலோ, மறுப்பை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.