கேளுங்கள்... ஊசி போடுகிறேன்!

கே: பத்தாவது முடித்த மகனை லீவில் 'மெடிக்கல் இன்டர்ன்ஷிப்'புக்கு அனுப்பலாமா? சுளையாகப் பணம் கேட்கிறார்கள். (ஓர் அப்பா, போளூர்)

வேலை செய்தால் சம்பளம் வாங்குவார்கள். வேலை செய்யக் காசு கட்டுகிறவருக்குப் பெயர் கஸ்டமர்.

கே: சர்டிஃபிகேட் தருகிறார்களே, எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு உதவாதா? (அதே அப்பா. விடமாட்டார்!)

நீட்டில் கேள்வி 180, மதிப்பெண் 720. கவுன்சலிங்கில் கேட்பது ரேங்க். லேமினேட் செய்த காகிதத்தை யாரும் சீந்தமாட்டார்கள். நீட்டில் தேறியவருக்கு நிஜமாகவே கைகொடுக்கும் சான்று ஒன்று உண்டு: ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தேன் என்பது. 2020 முதல் அதற்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதை லீவில் வாங்க முடியாது சார்.

கே: அமெரிக்காவில் என் அக்கா மகன் ஸ்கூல் படிக்கும்போதே டாக்டர் பின்னால் சுற்றுகிறானாம்! (ஆரணி வாசகி)

சுற்றட்டும். அங்கே காலேஜ் விண்ணப்பத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். மருத்துவப் படிப்பே பெரும்பாலும் நாலு வருஷப் பட்டத்துக்கு அப்புறம்தான். இங்கே ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அனுபவத்தை எழுத அந்த வட்டத்துக்குள் இடமில்லை அம்மணி.

கே: பெற்றோரே டாக்டர் என்றால், பக்கத்தில் நின்றுகொண்டு பையனை ஆபரேஷன் செய்யவிடலாமே? (செங்கம்)

மணப்பாறை, 2007. பதினைந்து வயது மகன் சிசேரியன் செய்த வீடியோவை டாக்டர் தம்பதி சக டாக்டர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தேடியது கின்னஸ், வந்தது விசாரணை. பையனுக்கு வயது போதவில்லை, சரி. பெரியவர்களுக்கு?

கே: அப்படியானால் மாணவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாதா? (கோபமான வாசகர்)

யார் சொன்னது? நம் பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்த கதை. அமெரிக்காவிலிருந்து பெற்றோரைப் பார்க்க வந்த இளம்பெண் ஐடா ஸ்கடருக்கு டாக்டராகும் எண்ணமே இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, 'மனைவிக்குப் பிரசவம், வாங்கம்மா' என்றார்கள். டாக்டரான அப்பா இருந்தார். ஆண் கூடாது என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார், 1899-ல் டாக்டரானார், திரும்பி வந்தார், வேலூர் சி.எம்.சி. பிறந்தது. அந்த ராத்திரிக்கு யாரும் சர்டிஃபிகேட் தரவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தால் 'இதுதான் என் வேலை' என்றோ 'ஐயோ சாமி' என்றோ தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் அப்பாவுக்குக் கோச்சிங் பணம் மிச்சம்.

கே: நான் எங்கே போய்ப் பார்ப்பது அங்கிள்? (ப்ளஸ் ஒன் மாணவி, வேங்கிக்கால்)

2013-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி உன் ஊருக்கு எட்டும் தூரம். பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை ஓ.பி. வரிசையில் நில். சீட்டு, டாக்டர், லேப், மாத்திரை என்று நாலு இடமும் அலை. பயிற்சிக் கட்டணம்: பாட்டிக்கு ஓர் இளநீர்.

பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களைப் பார். அவர்களுக்காகப் போடும் மருத்துவ முகாமில் கேட்டுப் பார்த்து, கூடமாட உதவு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கொட்டிக் கலக்கும் மேதாவிகள் இங்கே ஏராளம். ஊசியை மட்டும் தொடாதே.

கே: ரத்தம் பார்த்தாலே மயக்கம் வருகிறது. டாக்டர் ஆகலாமா? (தண்டராம்பட்டு)

ரத்தம் பழகிவிடும். தனியார் கல்லூரி ஃபீஸ் ரசீதைப் பார்த்து அப்பா மயங்குவதுதான் பழகாது.

கே: அசல் இன்டர்ன்ஷிப் எப்போதுதான் வரும்?

நாலரை வருஷம் படித்த பிறகு, ஒரு வருஷம். 'ஹவுஸ் சர்ஜன்' என்பார்கள். தூக்கத்தை இப்போதே தூங்கி வை.

கே: எங்கள் ஸ்கூலில் 'நர்சிங் குரூப்' எடுத்தவர்களைக் கிண்டல் செய்கிறோம். தப்பா? (ஒரு குறும்பன்)

நீ காசு கொடுத்துத் தேடும் ஆஸ்பத்திரிப் பயிற்சி அவளுக்குப் பாடத்திலேயே இருக்கிறது தம்பி. நாளைக்கு உனக்கு ஊசி போடப்போவதும் அவளாக இருக்கலாம். எந்த இடத்தில் என்று யோசித்துவிட்டுச் சிரி.