கொசுறின் விதையியல்

காய்கறிக் கடையில் கொசுறாக, அதாவது விலை பேசாமலேயே பையில் வந்து விழும் உபரியாகக் கிடைக்கும் கறிவேப்பிலையை விதையிலிருந்து வளர்த்தே தீருவது என்று ஒரு குடும்பத் தலைவர் தீர்மானிக்கும்போது, அத்தீர்மானத்துக்குப் பொருளாதார அடிப்படை ஏதும் இல்லை என்பதை வீட்டார் அன்றே சுட்டிக்காட்டிவிடுகின்றனர். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவை அடங்கிய ரூட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த இப்பல்லாண்டுத் தாவரம், வேரூன்றிய பின் வெயிலையும் அரிவாளையும் பொருட்படுத்தாதது. விதைப் பருவத்தில் மட்டும் சம்பந்தி வீட்டாருக்குரிய உபசாரத்தை எதிர்பார்க்கிறது.

சிவந்து, பின் கருநீலமாகப் பழுக்கும் இதன் சிறு கனிக்குள் பெரும்பாலும் ஒன்றிரண்டு விதைகளே இருக்கும். மிளகாய் விதையைப் போல இதைக் காயவைத்து, டப்பாவில் அடைத்து, அடுத்த ஆடிப்பட்டத்துக்கு எடுத்துவைக்க இயலாது. ஈரம் வற்ற வற்ற முளைப்புத்திறனை இழக்கும் 'உலர்வு தாங்கா விதை' வகையினதாகையால், பழம் பறித்த சில நாட்களுக்குள், சதையைக் கழுவி நீக்கி, மண்ணில் இட்டாக வேண்டும். இதை அறியாது, வண்ணப்படம் அச்சிட்ட உறையில் காய்ந்த விதையை வாங்கி, வெறும் மண்ணுக்கு மாதக்கணக்கில் பக்தியுடன் நீர் வார்த்தோர் பலர். குயிலுக்கோ இந்நுட்பத்தை எவரும் கற்பிக்கவில்லை. கனியை விழுங்கி, சதையைச் செரித்து, ஈரம் மாறாத விதையை எருவுடன் சேர்த்தே வேலியோரத்தில் இட்டுவிட்டு அது பறந்துவிடுகிறது.

கறிவேப்பிலையின் முர்ராயா கோனிகீ என்னும் அறிவியல் பெயரில், 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக்கும், அவரைப் போலவே தாவரவியலாளர் லின்னேயசின் மாணவரான முர்ரேயும் நினைவுகூரப்படுகின்றனர். இவ்விருவர் பெயரையும் சுமக்கும் இலை, ரசத்திலிருந்து பொறுக்கப்பட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதை அவர்கள் அறியாமற் போனதே நல்லது.

புதிய விதையும் முளைவிடச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். விதை உயிருடன் உள்ளதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கும் வழக்கம் இக்காலத்தில்தான் தோன்றுகிறது. உயிருடன் இருந்த விதைகளில் பல இச்சோதனையாலேயே இறக்கின்றன. முளைத்த நாற்றும் முதலாண்டில் அவசரம் எதையும் காட்டுவதில்லை. வேரில் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்று அறிவுரை கூறும் உறவினர், விடைபெறும்போது, சாம்பாருக்கு ஓர் இணுக்குக் கிள்ளிக்கொள்ளலாமா என்றும் கேட்பார். அச்செடியில் இருப்பதே மூன்று இணுக்குகள் என்பதால் அவருக்குக் கடையிலிருந்து வாங்கித்தரப்படும்.

உறவினரிடமிருந்து காத்த தளிரை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கண்டுகொள்கிறது. அதன் இளம்புழு பறவையின் எச்சத்தை அப்படியே ஒத்திருப்பதால், காக்கையைத் திட்டித் தீர்த்த பின்னரே உண்மைக் குற்றவாளி அடையாளம் காணப்படுகிறது; அதற்குள் இலைக்காம்பு மட்டுமே எஞ்சும்.

இவ்வளவையும் கடந்து செடி மரமாகிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. வேர் ஓடிய இடமெல்லாம் பக்கக்கன்றுகள் கிளம்பி, துளசி மாடத்தையும் துணி துவைக்கும் கல்லையும் நெருங்குகின்றன. அவற்றுள் ஒன்றை வேருடன் பெயர்த்து நட்டாலே போதும் என்பதால் அண்டை வீட்டார் விதையைப் பற்றி விசாரிப்பதே இல்லை. விதையிட்டு வளர்த்தவர் மட்டும், ஒவ்வொரு கன்றையும் கொடுக்கும்போது, சதை நீக்கும் முறையை முழுமையாக விளக்கியே அனுப்புகிறார்.