லைட் தீஸ்கோ: ஈரானி டீக்கடையில் தகவல் பாதுகாப்புச் சிந்தனையின் தோற்றமும் வளர்ச்சியும்

கோல்கொண்டா வைரத்தை ஆராய்ந்துவிட்டார்கள். குதுப் ஷாகிகளின் கட்டடக்கலையை ஆராய்ந்துவிட்டார்கள். பிரியாணியில் உருளைக்கிழங்கு போடலாமா என்பதுகூட ஐதராபாத்தைப் பொறுத்தவரை தீர்ப்புச் சொல்லி முடித்த வழக்குதான். ஆனால் ‘இத்தனை கோடிப் பேரின் தகவல் திருட்டு’ என்று பேப்பரில் படித்த ஒருவர், உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார், சொல்லி முடித்ததும் என்ன செய்கிறார் என்பதை எவரும் முறைப்படி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆய்வுலகின் இந்தப் பெருங்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆய்வுக் களம், செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் உள்ள ஓர் ஈரானி கடை. ஆய்வு அறம் கருதிக் கடையின் பெயர் மறைக்கப்படுகிறது. ஆய்வு மாதிரி: பளிங்கு மேசை ஒன்று, நாற்காலி நான்கு, அதில் ஒன்று ஆடும். தகவலாளிகள் மூவர். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மாமா. கொம்பள்ளிப் பக்கம் பிளாட் போட்டு விற்கும் ரெட்டி காரு. தென்காசியிலிருந்து வந்து, அமீர்பேட்டையில் கோர்ஸ் முடித்து, இப்போது ஹைடெக் சிட்டிக்கு மெட்ரோவில் வேலைக்குப் போகும் தம்பி. ஆடும் நாற்காலி கட்டுரையாளருடையது.

கலைச்சொல் விளக்கம் இரண்டு தேவைப்படுகிறது. முதலாவது, ‘லைட் தீஸ்கோ’. தெலுங்கு. உருதுவில் ‘லைட் லே லோ’. தமிழில் ‘கண்டுக்காதே’ என்று பெயர்க்கலாம். ஆனால் கண்டுக்காதேயில் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கும். லைட் தீஸ்கோவில் அதுவும் கரைந்துபோயிருக்கும். இரண்டாவது, ‘பர்சோன்’. அகராதியில் இது நேற்று முன்தினம். ஐதராபாத் உருதுவிலோ நேற்று முன்தினம் தொடங்கி நிஜாம் காலம் வரை எல்லா நாளும் பர்சோன்தான். “பர்சோன்தான் வாங்கினேன்” என்று ஒருவர் காட்டும் ஸ்கூட்டருக்கு இருபது வயது இருக்கலாம். இக்கட்டுரையில் சில தேதிகள் தெளிவாக இல்லையென்றால் குற்றம் தகவலாளிகளுடையது.

இனி கருதுகோள்: செய்தி மாறும், கருத்து மாறாது. கருத்தின் ஆயுள் ஒரு கப் டீ. ஒன் பை டூ சொன்னால் அதில் பாதி.

இதைச் சோதிக்க 2023 நல்ல ஆண்டு. அந்த மார்ச்சில் சைபராபாத் போலீஸார், 16.8 கோடிப் பேரின் விவரங்களை விற்றதாக ஒரு கும்பலைப் பிடித்தார்கள். ஏப்ரல் பிறந்ததும் இன்னொருவரைப் பிடித்தார்கள். இவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது 24 மாநிலங்கள், 8 பெருநகரங்களைச் சேர்ந்த 66.9 கோடி பேர் மற்றும் நிறுவனங்களின் விவரம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்கிறார். முதல் எண்ணுக்கு எங்கள் மேசையில் அச்சம் பிறந்தது. நான்கு மடங்கு பெரிய இரண்டாம் எண்ணுக்கு அச்சமும் நான்கு மடங்காகியிருக்க வேண்டும். பிறந்ததோ உவகை.

“நாட்ல ஏறக்குறைய பாதிப் பேர்” என்று மாமா கணக்குப் போட்டார். “அப்படின்னா இந்த மேசையில ரெண்டு பேர்.” எந்த இருவர் என்ற விவாதம் தொடங்கியது. விடுபட்டுப்போன இருவரில் ஒருவராக இருக்க எவருக்கும் மனம் வரவில்லை. ரெட்டி காருவின் கேள்வி தொழில் சார்ந்தது: “ஒரு ஆளு டேட்டா எந்த ரேட்டுக்குப் போச்சாம்?” சதுர கஜ விலை விசாரிக்கும் அதே குரல். அப்போது தம்பி, அவருடைய ஆபீஸ் பெண்கள் பிளாட் வேண்டுமா என்று தினமும் ஊருக்கெல்லாம் போன் போடுகிறார்களே, அந்த நம்பர்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டான். ரெட்டி காரு எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார். அந்தத் தரவு இவ்வாய்வுக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சிந்தனை மரபு ஹைடெக் சிட்டியில் பிறந்ததென்று நினைப்போர் உண்டு. சைபர் டவர்ஸ் திறந்தது 1998-இல்; மரபோ அதைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. கோல்கொண்டா போனவர்களுக்குத் தெரியும், ஃபதே தர்வாஸாவின் குவிமாடத்துக்கடியில் நின்று கைதட்டினால் ஒரு கிலோமீட்டர் தள்ளி மலையுச்சியில், பாலா ஹிஸாரில் கேட்கும். கைடுகள் இன்றும் தட்டிக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். கம்பியில்லை, மின்சாரமில்லை, வருடச் சந்தா இல்லை. வாசலுக்கு யார் வந்தாலும் உச்சியில் தெரிந்துவிடும். மதிலும் ஒன்றல்ல, சுற்றுக்குள் சுற்று. 1687-இல் அவுரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டு மாதம் வெளியே கிடந்தது. ஓர் இரவு படையினர் சத்தமில்லாமல் மதிலேற, நாய் ஒன்று குரைத்துக் காட்டிக் கொடுத்ததாகவும், சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா மகிழ்ந்துபோய் அதற்குத் தங்கச் சங்கிலி போட்டதாகவும் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார். வரலாற்றில் உரிய மரியாதை பெற்ற ஒரே ஆன்டிவைரஸ் அதுதான் என்பது தம்பியின் துணிபு.

அப்புறம் கோட்டை விழுந்தது எப்படி? அப்துல்லா கான் பனி என்ற உள்ளாள் பணம் வாங்கிக்கொண்டு உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டான். நேராக வாசல் வழியாகவே வந்தார்கள். கைதட்டல், நாய், மதில் மூன்றும் அன்றும் பழுதில்லாமல் வேலை செய்தன.

மதில் என்றதும் 2018 மார்ச் ஞாபகம் வருகிறது. உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு. தகவல் பாதுகாப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, அது 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் உள்ள சுவருக்குள் இருக்கிறது என்று அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் சொன்னார். நாடே சிரித்தது. எங்கள் மேசை சிரிக்கவில்லை. “அஞ்சடின்னா எங்காத்து சமையலறை அகலம்” என்று மாமா வியந்தார். ரெட்டி காரு சிமெண்ட் மூட்டைக் கணக்கில் இறங்கினார். தம்பி மட்டும், டேட்டா சுவரேறிக் குதிக்காது, அது கம்பியில் போகும் என்று விளக்கப் பார்த்தான். “கம்பியையும் சுவருக்குள்ள விட்டுப் பூசிட்டா?” என்றார் மாமா. இதற்கு அமீர்பேட்டையில் பதில் சொல்லித்தரவில்லை. திருக்குறளில் அரண் 75-ஆம் அதிகாரம். ஒன்பது குறளில் கோட்டையைப் புகழ்ந்துவிட்டு, பத்தாவதில் உள்ளே இருப்பவர்கள் சரியில்லையென்றால் கோட்டை இருந்தும் இல்லை என்று வள்ளுவர் முடித்துவிடுகிறார். வழக்கறிஞர்கள் பத்தாவதுவரை படிப்பதில்லை.

அதே ஆண்டு ஜூலையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா, முடிந்தால் தீங்கு செய்து பாருங்கள் என்று தன் ஆதார் எண்ணையே ட்விட்டரில் போட்டார். அவருடைய விவரங்கள் என்று பலவற்றை ஊரார் எடுத்துப் போட்டதோடு நிற்காமல், சிலர் அவர் கணக்கில் ஒரு ரூபாய் செலுத்திக் காட்டினார்கள். மாமா இதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். “நானும் போட்டுப் பார்க்கட்டுமா? ஒரு ரூபா வருதே!”

மாமாவை இவ்வாய்வின் முதன்மைத் தகவலாளி என்று சொல்வதற்கு இன்னொரு காரணமுண்டு. தனியுரிமைச் சட்டத்தில் அவருக்கு இருக்கும் ஞானம் சாதாரணமல்ல. கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 86 வயதில், 2012-இல், ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டதையும், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்ததையும் ஒருநாள் அவர் மேசையைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தார். “ஒன்பது பேர்! ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலை!” அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வீட்டு வாசலில் டெலிவரிப் பையன், ஓடிபி கேட்கிறான். மாமாவுக்கு மற்றவர் காது மந்தம் என்ற எண்ணம் எப்போதும் உண்டு. “நாலு! ரெண்டு! ஏழு! ஏழு! என்னப்பா, கேக்கலையா? சார் தோ சாத் சாத்!” இரண்டு மொழிகளில், கடை முழுக்க. பக்கத்து மேசைக்காரர் ஒருவர், பையனுக்கு இன்னும் கேட்கவில்லையோ என்ற பரிவில், தெலுங்கிலும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தார். போனை வைத்துவிட்டு மாமா கேட்டார்: “எங்க விட்டேன்? ஆங், தனியுரிமை.”

அப்துல்லா கானாவது பணம் வாங்கினான்.

(கட்டுரையாளர் இதில் நடுநிலை தவறிவிட்டதாகக் கருத வேண்டாம். அவருடைய வங்கிக் கடவுச்சொல், மறக்காமலிருக்க, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே ஒரு வாழைப்பழக் காந்தம் அதைக் காவல் காக்கிறது.)

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்ததும் ஒரு பெரும் இடப்பெயர்வு நடந்தது. ஈலான் மஸ்க் ‘சிக்னலைப் பயன்படுத்துங்கள்’ என்று எழுதியதும், அதற்குச் சம்பந்தமே இல்லாத, பெயரில் மட்டும் சிக்னல் உள்ள ஒரு சின்ன கம்பெனியின் பங்கு அமெரிக்காவில் எகிறியது. வாட்ஸ்அப் பதறிப்போய் இந்தியப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. மாமாவும் சிக்னலுக்குப் போனார். போவதை வாட்ஸ்அப்பில் எல்லா குரூப்பிலும் அறிவித்துவிட்டுத்தான் போனார். அங்கே அவருடைய செய்தியை உலகில் எவராலும் படிக்க முடியவில்லை. அங்கே எவரும் இல்லை. நான்காம் நாள் திரும்பி வந்து, குட்மார்னிங் ரோஜாவை வழக்கமான இடத்தில் வைத்தார்.

அந்த அக்டோபரில்தான், ஐதராபாத்தில் போலீஸார் வண்டிகளை நிறுத்தி, போனைத் திறக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடிப் பார்க்கும் காணொளி பரவியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள் என்பது காவல்துறையின் விளக்கம். இதில் தம்பி முதன்முறையாக வெகுளி என்னும் மெய்ப்பாட்டைக் காட்டினான். புட்டசாமி தீர்ப்பு, வாரண்ட் என்று அவன் கொதித்ததை எல்லோரும் கேட்டோம். பிறகு, தன் போனில் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தேடினான். ‘கஞ்’ வரைக்கும் தட்டியதுமே வரிசையாக வந்து விழுந்தன, அத்தனையும் அம்மா அனுப்பியவை: “கஞ்சி குடிச்சியா?” “கஞ்சி குடிச்சியா, பதிலே காணோம்?” கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. எழுந்து வெளியே போய் ஊருக்குப் போன் செய்துவிட்டு வந்தான்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் படுக்கவைத்தது. காக்க வந்தது காலை வாரிய கதை. ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மேசையில் கருத்து வழக்கம்போல்தான்: “அப்பவே சொன்னேன்.” எப்போது சொன்னார் என்பது பர்சோன் வகை. ஆனால் கல்லாவில் இருக்கும் பாய் அன்றைக்குத் தன் கடன் நோட்டை எடுத்து மேசைமேல் போட்டார். உருது சிகஸ்தா எழுத்து, அதற்குமேல் அவருடைய சொந்தச் சுருக்கங்கள். தம்பி பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை உடைக்க அவன் ஆபீஸில் ஆளில்லை என்று ஒப்புக்கொண்டான். ரெட்டி காருவுக்கு எவ்வளவு பாக்கி என்பது பாய்க்கும் அல்லாவுக்கும் மட்டுமே தெரியும். பாய் சொன்னால் கொடுக்க வேண்டியதுதான். மேல்முறையீடு கிடையாது.

கடைசியாகக் கேமரா. நூறு பேர் கூடும் இடங்களிலெல்லாம் கேமரா வேண்டும் என்று 2013-இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதோடு நிற்காமல் கடைக்காரர்களும் குடியிருப்போரும் தங்கள் காசில் மாட்டும் திட்டத்துக்குக் காவல்துறை ‘நேனு சைதம்’ என்று பெயர் வைத்தது. ‘நானும்கூட’ என்று பொருள். ஸ்ரீஸ்ரீயின் கவிதையால் தெலுங்கு நாடெங்கும் பரவிய சொற்கள் அவை. உலகத் தீயில் நானும் ஒரு சுள்ளி போட்டேன் என்று சொன்ன சொற்களை ஸ்டீல் கம்பத்தில் மாட்டும் கற்பனை வளம் எந்தப் பேராசிரியருக்கும் வராது. படமெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க பஞ்சாரா ஹில்ஸ் 12-ஆம் சாலையில் கண்ணாடிக் கோபுரமாய் ஒரு கட்டளை மையம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

எங்கள் கடையிலும் கேமரா உண்டு. நான்கு. ஒன்று கல்லாவை, ஒன்று வாசலை, ஒன்று சமோசா அலமாரியை, ஒன்று எங்கள் மேசையை நேராகப் பார்க்கும். அதன் கீழ் உட்கார்ந்துதான் இத்தனை கருத்துகளும் சொல்லப்பட்டன. போன மாதம் மழைநாளில் கட்டுரையாளரின் குடை, நாற்காலியில் மாட்டியிருந்தது, காணாமல் போனது. தகவலாளிகள் மூவரும் லைட் தீஸ்கோ என்றார்கள். அடித்த மழையில் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கல்லாவுக்குப் போய், “பாய், அந்தக் கேமராவுல கொஞ்சம் பாருங்க” என்றேன். பாய் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது பந்த் என்றார்.

“கப் ஸே?” என்று கேட்டேன்.

“பர்சோன் ஸே.”