ஆன்சைட் இலக்கணம்: மேற்குச் சென்னை வழக்கு

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும். இந்நூலுக்குக் கிழக்கெல்லை பாடி மேம்பாலம், வடக்கெல்லை புழல் ஏரி, மேற்கெல்லை பட்டாபிராம், தெற்கெல்லை பூந்தமல்லி பேருந்து நிலையம். இந்த எல்லைக்குள் குடியிருப்போர், கம்பெனி அனுப்பி, கம்பெனி செலவில், கொஞ்ச காலத்துக்கு என்று சொல்லி அயல்நாடு போவதற்கு முன் செய்வன எல்லாம் நுதலிய பொருள். கேட்போர், போகப்போகிறவர்களும் அவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பவர்களும். பயன், 23 கிலோவுக்குள் பெட்டி கட்டுதல்.

குடியேற்றம் இதில் அடங்காது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், விசாவை வைத்துப் பிரிக்க முடியாது, கடிதத்தை வைத்தும் முடியாது. பைக் சாவியை வைத்துப் பிரிக்கலாம். குடியேறப் போகிறவன் பைக்கை விற்றுவிடுவான். அயற்பணிக்குப் போகிறவன் சாவியை அப்பாவிடம் கொடுத்து, “வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா” என்பான். அப்பா முதல் மாதம் செய்வார்.

நிலம் மூன்று வகைப்படும்.

முதலாவது அம்பத்தூர். 1964இல் சிறுதொழில்களுக்காக எஸ்டேட் எழுந்தபோது இங்கே உருவானவை போல்ட்டு, நட்டு, வார்ப்பு. பிறகு லேத் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. அவற்றில் உருவாவது ஆன்சைட். இந்நிலத்து மக்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். ஒருவர் ‘டெபுடேஷன்’ என்று சொன்னால் அவர் ஆவடிக்காரர், அல்லது அவருடைய அப்பா ஆவடிக்காரர்.

ஆவடி இரண்டாம் நிலம். இங்கே செலவின், அதாவது பயணத்தின், திசையை டாங்கி தீர்மானிக்கிறது. விஜயந்தா டாங்கியின் வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தினுடையது. முதல் வண்டி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளியே வந்தது. அடுத்து வந்த டி-72, டி-90 இரண்டும் ரஷ்ய வழியின. ஆகவே தாத்தாவின் ஸ்வெட்டர் லண்டனுக்கும் மகனின் தொப்பி மாஸ்கோவுக்கும் உரியவை என்று கொள்க. இந்நிலத்தார்க்கு வெள்ளை அட்டை போட்ட அலுவல் பாஸ்போர்ட், அமைச்சக அனுமதி, ஒரு கோப்பு. கோப்பு தில்லிக்குப் போய்த் திரும்பும் காலம் பெரும்பாலும் பயணக் காலத்தைவிட நீளமானது. 2021 அக்டோபரில் தொழிற்சாலை ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்தின் கீழ் வந்த பிறகும் கோப்பின் நடையில் வேகம் கூடவில்லை என்பர்.

பூந்தமல்லி மூன்றாவது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ் ஏறும் மெயின்டனன்ஸ், குவாலிட்டி ஆட்களின் நிலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வரத் தொடங்கியதிலிருந்து இந்நிலத்தின் வெளிநாடு கொரியா; மெஷின் எங்கிருந்து வாங்குகிறார்களோ அதைப் பொறுத்து ஜப்பான் அல்லது ஜெர்மனி. காலம் வாரக் கணக்கில்தான். பெட்டியில் சேஃப்டி ஷூ இருக்கும். அது ஒன்றே ஒன்றரைக் கிலோ. அந்த ஒன்றரைக் கிலோவுக்காக எந்த ஊறுகாய் வெளியேறுவது என்ற பஞ்சாயத்து எல்லா வீட்டிலும் உண்டு.

மூன்று நிலத்துக்கும் பொதுவான குழப்பம் முகவரி. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. போலீஸ் மட்டும் 2022 முதல் ஆவடி கமிஷனரேட். ஒரே வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தவரின் பழைய பாஸ்போர்ட் திருவள்ளூர் என்கிறது, புது ஆதார் சென்னை என்கிறது. அவர் முதல் இடமாற்றத்தை ஏற்கெனவே முடித்துவிட்டார் என்பது என் துணிபு.

முகவரி போகட்டும், பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் ‘எஃப்.என்.யூ.’ என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் விரிவு. அப்பா பெயரால் கட்டத்தை நிரப்பியவர் தப்பிக்கிறார், ஆனால் ஜெர்மனியில் மேனேஜர் முதல் காவலாளி வரை அவரை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேலையில் பிழை நேர்ந்தால் திட்டு வாங்குவதும் அப்பாதான்.

இனி முதற்பொருளின் மறுபாதியாகிய காலம். கல்விக்காகப் பிரிவது மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, வேந்தன் பணிக்குப் பிரிவது ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்று தொல்காப்பியர் கற்பியலில் வரம்பு கட்டினார். அமெரிக்கர் கற்பியல் படித்தார்களோ என்னவோ, எச்-1பி விசாவை முதல் தடவை மூன்று ஆண்டுக்கு மேல் தருவதில்லை. கம்பெனிக்குள்ளேயே மாற்றும் எல்-1க்கு, முந்தைய மூன்று ஆண்டில் ஓராண்டாவது தொடர்ந்து அதே கம்பெனியில் வெளிநாட்டுக் கிளையில் இருந்திருக்க வேண்டும். மேலாளர்களுக்கோ இந்த வரம்பெல்லாம் கிடையாது. அவர்களுக்கு இருக்கும் ஒரே அளவை ‘மூன்று மாதம்’. அதற்கு நூற்பா:

மூன்று மாதமென மொழியினும் அதனை
ஆண்டெனக் கொள்ப அனுபவித் தோரே.

உரை: மேலாளர் மூன்று மாதம் என்பார், பயணி ஆறு என்று புரிந்துகொள்வார், மனைவி ஒரு வருஷம் என்பார், மாமியார் பேரக்குழந்தை அங்கேயே பிறக்கும் என்பார். மாமியார் கணக்கே பெரும்பாலும் பலிக்கிறது.

புறப்படும் நாளைக் குறிப்பதில் இரண்டு நூல்கள் மோதுகின்றன. ஒன்று வருமான வரிச் சட்டம். வேலைக்காக நாட்டைவிட்டுப் போகும் இந்தியர் அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் உள்நாட்டவர். ஏப்ரல் முதலிலிருந்து எண்ணினால், செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறி, மார்ச் வரை திரும்பாதவர் அந்தக் கணக்கில் அயல்வாசி ஆகிவிடுவார். மற்றொன்று பஞ்சாங்கம். செப்டம்பர் 28 புரட்டாசியில் விழுகிறது. பாட்டி முகம் சுளிக்கிறாள். இதோடு முடிந்தால் பரவாயில்லை. சூலம் இருக்கிறது.

வியாழன் தெற்கே சூலம், வெள்ளி மேற்கே சூலம். ஐரோப்பா போகும் விமானமோ வியாழன் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறது. டிக்கெட்டின்படி அது வெள்ளி, ஆகவே மேற்கே போகக் கூடாது. பஞ்சாங்கத்தின்படி சூரியன் உதிக்கும்வரை வியாழன், ஆகவே மேற்கே தாராளமாகப் போகலாம்; ஆனால் அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம் தெற்கே இருக்கிறது. ஒரு சாரார் சூலம் காரில் ஏறும்போதே பார்க்க வேண்டியது என்பர். மற்றொரு சாரார் பைபாஸில் போரூர் வரை போவதெல்லாம் பயணம் ஆகாது, சக்கரம் தரையை விட்டதும்தான் செலவு தொடங்கும் என்பர். இரண்டு கட்சியையும் கேட்ட பாட்டி, தெற்குக்குத் தைலமும் மேற்குக்கு வெல்லமும் கொடுத்து அனுப்புகிறாள். வாதத்தைத் தீர்க்க இதைவிடச் சிறந்த உத்தி எந்த இலக்கண நூலிலும் நான் பார்த்ததில்லை.

கருப்பொருளாவது பெட்டிக்குள் போவது. பாடி சரவணா ஸ்டோர்ஸில் பெட்டி வாங்குவது, தொங்கு தராசு வாங்குவது ஆகியவை எல்லோருக்கும் பொது. உள்ளே போவதில்தான் வகை இருக்கிறது. ஒவ்வொரு தேசமும் நம் சமையலறையில் ஒரு பொருளைப் பகையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழ்கிறது என்பது காரணம், நியாயமான காரணமும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பால்பொருள் ஆகாது. நெய்யும் பால்கோவாவும் வாசலிலேயே நிற்கும். அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் கசகசா ஆகாது. குருமாவுக்கு என்று அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலம் அங்கே போதைப் பொருள் வழக்கு. ஜப்பானுக்குச் சில சளி மாத்திரைகள் ஆகாது. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை. கொப்பரைக்கோ நம் ஊர் விமான நிலையத்திலேயே தடை. எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று பெட்டியிலும் விடமாட்டார்கள். எல்லா நாட்டிலும் உள்ளே விடப்படும் ஒரே பொருள் பொடி. பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, ரசப் பொடி, அங்காயப் பொடி. ஸ்கேனரில் இவை எல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் எடுத்துப் போக மனம் வராது.

மின்சாதனம் தனி இயல். 230 வோல்ட் மிக்ஸி அமெரிக்காவின் 120இல் முனகும், அரைக்காது. ஜப்பான் 100. 110 வோல்ட் மிக்ஸி என்று தனியாக இங்கேயே விற்கிறார்கள்; அதை வாங்கியவன் மூன்று மாதத்துக்குத்தான் போகிறேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்டியில் இடமே பிடிக்காத ஒரு காகிதத்தை மட்டும் எல்லோரும் மறக்கிறார்கள். ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. ஜப்பானோடு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே பி.எஃப். கட்டுகிறவர் அதற்கான கவரேஜ் சான்றிதழை வாங்கிப் போனால் அங்கே ஓய்வூதியச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. அங்கே சம்பளத்தில் பிடித்தது, சுமார் பத்து ஆண்டு வேலை பார்க்காதவருக்குத் திரும்பி வராது. ஊறுகாய்க்கு நாலு சுற்று பிளாஸ்டிக் கவர் போடும் வீட்டில் இந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

உரிப்பொருளைச் சுருக்கிச் சொல்லலாம். கடல் கடந்து போகும்போது பெண்ணோடு போகும் வழக்கமில்லை என்றார் தொல்காப்பியர். அமெரிக்கா எல்-2 என்று துணைக்குத் தனி விசாவே வைத்திருக்கிறது, 2021 முதல் அதில் துணைவர் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலையும் பார்க்கலாம். ஆகவே இன்றைய பாலைத் திணையில் தனியாக நிற்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். அவர்கள் திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் வேண்டிக்கொள்கிறார்கள். வசதியுள்ளவர் ஐதராபாத் அருகே சில்கூர் பாலாஜிக்கு. அங்கே வேண்டும்போது 11 சுற்று, கிடைத்தால் 108. கம்பெனியும் அப்படித்தான்: கேட்கும்போது ஒரு படிவம், கிடைத்தபின் நூறு.

கடைசியாகச் செலவழுங்கல். தலைவன் புறப்பட்டு, போகாமல் நின்றுவிடுவதற்கு அகத்திணையில் இப்பெயர். அதைப் போகவே மாட்டான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தலைவியைத் தேற்றுவதற்கான தாமதம் அது என்பார் தொல்காப்பியர். கம்பெனிகளும் இக்கருத்தே உடையவை. ரத்து என்று எந்த மெயிலும் சொல்லாது. ‘ஆன் ஹோல்ட்’ என்றே சொல்லும். 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபின் இத்தேற்றுதல் பெருகியிருக்கிறது. இதில் மூன்று வகை: தாமதமாகப் போவோர், டல்லாஸுக்கு என்று தயாராகி ஐதராபாத்துக்குப் போவோர், போகாதோர். மூன்றாம் வகையினர் டீமுக்கு ட்ரீட் வைத்து முடித்திருப்பார்கள், தெருவுக்கே தகவல் போயிருக்கும். அம்பத்தூர் ஓ.டி.யில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், “எப்ப தம்பி வந்தீங்க?” என்பார். “போன வாரம்தான் அங்கிள்” என்பதே இதற்கு வழக்கிலுள்ள விடை.

ஆகையால் படிப்போர்க்குச் சொல்வது: விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்து, டிக்கெட்டும் மெயிலில் வரும்வரை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லாதீர்கள், பைக் சாவியைக் கொடுக்காதீர்கள், ட்ரீட் வைக்காதீர்கள். பொடி மட்டும் அரைத்து வைக்கலாம். போகாவிட்டாலும் இட்லிக்கு ஆகும்.