சனிக்கிழமை எப்போது பிறந்தது?

கேள்வி: சனிக்கிழமை இரவு 12.10 வண்டியில் ஊருக்குப் போகச் சனிக்கிழமைத் தேதிக்கே பணம் கட்டிப் பதிவு செய்தேன். என்னை டிக்கெட் இல்லாப் பயணி என்கிறார் பரிசோதகர். இது நியாயமா?

பதில்: சனிக்கிழமை பிறந்த பத்தாம் நிமிஷத்திலேயே தங்கள் படுக்கை தங்களை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதே, மறுபடியும் அதற்கு அவர் எங்கே போவார்? சூரியோதயத்தில் நாள் பிறக்கிறதென்னும் பஞ்சாங்கத்துக்கும், நள்ளிரவிலேயே பிறந்துவிடுகிறதென்னும் ரயில்வே கடிகாரத்துக்கும் நடுவே அகப்பட்டுத் தவிப்பவர் அநேகர்.

ஆயினும், 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் மறதியையும் வஞ்சனையையும் ஒன்றாகப் பாவிப்பதில்லை: ஏமாற்றும் எண்ணத்தோடு ஏறினவனுக்கே 137-ஆம் பிரிவின் சிறைவாசம், தங்களைப் போன்றவர் 138-ஆம் பிரிவின்படி கட்டணத்தோடு, அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் செலுத்தவேண்டியதுதான். ஆண் துணையின்றி வரும் ஸ்திரீகளையும் குழந்தைகளையும் இராக்காலத்தில் வண்டியை விட்டு இறக்கலாகாதென்று 139-ஆம் பிரிவு விதித்திருப்பது, அச்சட்டத்தை இயற்றியவர்களின் இருதயத்தைக் காட்டுகிறது. இனியொரு முறை தேதி பிசகினால், பரிசோதகர் வந்து கேட்கும்வரை காத்திராமல், தாங்களே முந்திச் சென்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.