'அப்பல்லாம்': விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பெருமூச்சாய்வு

தமிழில் காலம் மூன்று என்கிறது இலக்கணம். விருதுநகரில் அரை மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர் இதை ஒப்பமாட்டார். அங்கே எதிர்காலத்துக்குப் புழக்கம் குறைவு; நிகழ்காலம் டீ சொல்வதற்கு மட்டும் பயன்படுகிறது. மற்ற பேச்செல்லாம் இறந்தகாலத்துக்கும் அப்பால் உள்ள நான்காவது காலத்தில் நடக்கிறது. அதன் பெயர் 'அப்பல்லாம்'.

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இது எதில் அடங்கும்? பெருமிதத்தில் தொடங்குகிறது, நடுவில் வெகுளி ஆகிறது, டீ ஆறுவதற்குள் இளிவரலில் வந்து நிற்கிறது. இச்சொல் சங்க காலத்திலேயே இருந்தது என்று நிறுவவும் எண்ணியிருந்தேன். எல்லாமே சங்க காலத்தில் இருந்தன என்று ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள் அங்கே எனக்கு நிற்க இடம் விட்டுவைக்கவில்லை. இப்பொருளில் முன்னோடி ஆய்வுகளும் இல்லை. இருந்திருந்தால் முதலில் நெறியாளருடையதைத்தான் காட்டியிருப்பேன், மரபு அது.

ஆய்வெல்லை வகுப்பதில் ஒரு சிக்கல். ஊர் 1923 வரை விருதுபட்டி. மாவட்டமோ 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. ஆக, 'அப்பல்லாம் நம்ம விருதுநகர் மாவட்டத்துல' என்று எழுபதுகளைப் பற்றி ஒருவர் உருகினால், இல்லாத மாவட்டத்தில் இருந்த சுகத்துக்கு உருகுகிறார். இதைச் சுட்டிக்காட்டியபோது, "அதான் தம்பி, அதனாலதான் நல்லா இருந்துச்சு" என்றார் ஒரு அண்ணாச்சி (கிழக்குப் பெஞ்சு, முதல் டீ).

இனி வகைகள்.

பரோட்டா: எண்ணெயில் பொரித்த விருதுநகர்ப் பரோட்டா முன்பு பெரிதாக இருந்தது, அதைப் பிடித்த கை சிறிதாக இருந்தது.

வெயில்: "அப்பல்லாம் இம்புட்டு வெயில் இல்ல" என்பது இவ்வட்டாரத்தில் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் கூற்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அது இங்கே வேர்பிடித்ததற்கு வறண்ட வானமும் ஒரு காரணம். அப்போது ஊர் குளுகுளுவென்று இருந்திருந்தால் ஒரு குச்சிகூடக் காய்ந்திருக்காது. சிவகாசி இன்றும் ஈர நிலமாகவே இருந்திருக்கும்.

விலை: பெருமூச்சுக்குத் தங்கமும் வெங்காயமும் ஏற்றவை, தீப்பெட்டி ஆகாது. 1995இல் அது 25 காசிலிருந்து 50 காசு ஆனது. 2007இல் ஒரு ரூபாய். பிறகு 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய். இடைப்பட்ட 14 ஆண்டுகளை 'பெருமூச்சு வறட்சிக் காலம்' என்று பெயரிட்டு, பணம் கட்டினால் பதினைந்து நாளில் அச்சேற்றும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப இருக்கிறேன்.

வெடி: இதுவே இவ்வாய்வின் நெஞ்சு. "அப்பல்லாம் லட்சுமி வெடின்னா தெருவே அதிரும். இப்ப மருந்தையே காணோம்" என்பது பெரியப்பாவின் கொள்கை (திண்ணை உரை, தீபாவளி காலை, இட்லிக்கு முன்). அதே நாளில் "இப்ப விடுற வெடி காதைக் கிழிக்குது" என்றும் அவர் அருளியிருக்கிறார் (மேற்படி, இட்லிக்குப் பின், திருத்திய பதிப்பு). மூலபாட வேறுபாடு எனக் கொண்டு மேலே செல்வோம்.

சட்டப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனால் சட்டம் நிற்கும் இடத்தில் பெரியப்பா என்றுமே நின்றதில்லை. பத்து வயதில் ஊதுபத்தியும் கையுமாக வெடிக்கு அரை மீட்டரில் நின்றார் (பெரியப்பா, தன்வரலாறு, வெற்றிலைப் பதிப்பு, பொசுங்கிய புருவத்தை ஒப்புநோக்குக). இன்று மாடியில், சன்னலைச் சாத்திக்கொண்டு, 16 மீட்டரில் நிற்கிறார். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். அரை, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு: ஐந்து இரட்டிப்பு, 30 டெசிபல் நட்டம். சன்னல் கண்ணாடியும் எழுபது வயதுக் காதும் கணக்கில் சேரவில்லை. இந்த 30 டெசிபலைத்தான் பெரியப்பா பட்டாசு ஆபீஸ்காரர்கள் திருடிவிட்டதாகப் பழி சொல்கிறார். (ஆலையை 'ஆபீஸ்' என்பது வட்டார வழக்கு. உள்ளே நாற்காலி இருக்கவேண்டும் என்பதில்லை.)

எதிர்வாதமும் உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தது, தீபாவளிக்கு இரண்டே மணி நேரம் கொடுத்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஊரே ஒரே மணி நேரத்தில் வெடித்தால் தன் வெடி எது என்று யாருக்குத் தெரியும்? பெரியப்பாவின் துயரம் ஒருவேளை மருந்தைப் பற்றியதே அல்ல. அன்று தெருவில் தன் ஒரு வெடிதான் கேட்டது என்பதைப் பற்றியது. இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "நீ படிச்சது போதும்" என்றார் (நேர்காணல், கதவு சாத்தப்படும் ஒலியுடன்).

இறுதியாக, தரவு குறித்து. இதுவரை பெருமூச்சு விட்டவர் அனைவரும் ஆண்களே. சமநிலை வேண்டி, உளுந்து களைந்துகொண்டிருந்த பெரியம்மாவிடம் அதே வினாநிரலை நீட்டினேன்.

"அப்பல்லாமா? விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிக்கும். தூங்கிக்கிட்டே ஏறுவோம். எட்டு வயசு. வீட்டுக்கு வந்தா பெட்டி ஒட்டணும், குரோஸ் கணக்கு. வெரல்ல பசை காஞ்சு கெடக்கும், சோத்தைப் பெசைய வராது."

குரோஸ் என்பது 144. காமராசர் பிறந்த ஊர், பள்ளியில் அவர் கொடுத்த மதியச் சாப்பாடு இருந்ததே என்று கேட்டேன்.

"மதியச் சோறு மதியந்தானப்பா. பஸ்ஸு விடியுமுன்ன வந்துருமே."

அந்தக் காலத்தில் எதை இழந்ததாக நினைக்கிறீர்கள் என்ற ஏழாம் வினாவுக்கு, கிரைண்டரைத் தட்டிவிட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் விடை கேட்கவில்லை. கருதுகோளுக்குப் பொருந்தாமையால் இத்தரவு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.