மூன்று வயது நிரம்பாதோரின் பணிவான மனு

அனுப்புநர்:
மூன்று வயது நிரம்பாத பார்வையாளர்கள்
(எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால், எழுத்தர் வாயிலாக)

பெறுநர்:
உயர்திரு நிர்வாகத்தார் அவர்கள்,
வால்ட் டிஸ்னி வேர்ல்டு,
ஃபுளோரிடா, அமெரிக்கா.

பொருள்: ஒரு வாரச் சுற்றுலாவுக்குத் தூக்கிவரப்படும் குழந்தைகள் – உயரம், உறக்கம், வரிசை – பரிகாரம் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

இம்மனுவில் ‘மனுதாரர்’ எனப்படுபவர் தனியொருவர் அல்லர். இரண்டு வயதைக் கடந்து மூன்றைத் தொடாத, மதியம் தூங்காவிட்டால் மாலையில் ஊரைக் கூட்டுகிற எந்தக் குழந்தையும் மனுதாரரே. அவருக்கு முகவரி உண்டு, சொல்லத் தெரியாது. கருத்து உண்டு. அதைச் சொல்லும் முறை அக்கம்பக்கத்தாருக்குப் பிடிப்பதில்லை. எனவே இந்த மனு.

முதற்கண் நன்றி. மூன்று வயதுக்குக் குறைந்தோருக்கு நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை என்பது தங்கள் விதி. மனுதாரரின் குடும்பத்தை ஃபுளோரிடாவுக்குக் கிளப்பியதே அந்த விதிதான். “மூணு முடியறதுக்குள்ள போயிட்டு வந்துடணும்” என்று தாயார் சொன்னார். தந்தையார் உடனே தலையாட்டினார். குழந்தைக்கு இலவசம் என்பதால் கிளம்பிய பயணத்தில் பெரியவர்கள் இருவருக்கு வாரம் முழுவதற்குமான சீட்டு, விடுதி, சாப்பாடு, வாகன நிறுத்தம் என்று செலவு ஆகிறது. இவ்வளவு செலவு வைக்கும் இலவசத்தை மனுதாரர் தம் குறுகிய வாழ்நாளில் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு வாரம் ஏன் என்று கேட்கலாம். தங்கள் கட்டண அட்டவணையைப் பார்த்தால் புரியும். நாள்களைக் கூட்டக் கூட்ட, ஒரு நாளுக்கு ஆகும் சராசரிக் கட்டணம் குறைந்துகொண்டே போகிறது. நான்காவது நாளோடு திரும்பிவிட்டால் நஷ்டம் என்று எந்தக் குடும்பத்தலைவருக்கும் தோன்றும்படி அது போடப்பட்டிருக்கிறது. போதாததற்கு இடமும் பெரிது. மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என நான்கு பூங்காக்கள், தனியாக இரண்டு நீர்ப்பூங்காக்கள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 25,000 ஏக்கர். மனுதாரர் இதுவரை ஆண்டது ஒரு வரவேற்பறையும் அரைப் பால்கனியும்.

மேஜிக் கிங்டத்தின் நடுவில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. பூங்கா திறந்த 1971இல் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். ராட்டினங்களுக்குத் தனிச்சீட்டுப் புத்தகம். கோட்டை அன்றிலிருந்து ஓர் அங்குலமும் வளரவில்லை. கட்டணம் வளர்ந்தது. 2022 டிசம்பரில், கூட்டம் மிகுந்த நாள்களுக்கான ஒருநாள் சீட்டு சரியாக 189 டாலரைத் தொட்டுக் கோட்டைக்குத் தோள் கொடுத்து நின்றது. அமெரிக்காவில் 200 அடியைத் தாண்டும் கட்டடங்கள் விமானங்களுக்கு எச்சரிக்கையாக உச்சியில் சிவப்பு விளக்கு வைக்கவேண்டும். கட்டணம் 200ஐத் தாண்டும்போது பெற்றோரை எச்சரிக்கவும் ஒரு சிவப்பு விளக்கு வைக்கலாமே என்று மனுதாரர் பணிவுடன் கேட்கிறார்.

இனி உயரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். தங்கள் ஸ்பேஸ் மவுண்டன் ராட்டினத்தில் ஏற 112 வேண்டும். 2023இல் திறந்த டிரான் ராட்டினத்துக்கு 122. சரி, அவை பெரியவர்களின் சாகசம் என்று மனுதாரர் விட்டுக்கொடுக்கிறார். ஆனால் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதற்கும் 97 சென்டிமீட்டர் கேட்கிறீர்கள். குள்ளர்களின் வாசலில் ஒரு குழந்தையை உயரம் போதாதென்று திருப்பி அனுப்பிய செய்தி அந்த எழுவருக்கும் தெரிந்தால் சுரங்கத்தில் வேலைநிறுத்தம்தான். இன்னொரு விஷயமும் உண்டு. அதே அட்டவணைப்படி சராசரி ஆண் குழந்தை 97 சென்டிமீட்டரை எட்டுவது மூன்று வயது முடிந்த சில வாரங்களில். அதாவது ரயிலில் ஏறத் தகுதி வரும்போது சீட்டு வாங்கும் தகுதியும் வந்துவிடுகிறது. கணக்குப் போட்டவர் யாரோ, அவர் கையைக் கொடுங்கள்.

உயரம் போதாத குழந்தையுடன் வருவோருக்காக ‘ரைடர் சுவிட்ச்’ என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள். ஒருவர் குழந்தையுடன் வெளியே நிற்க, மற்றவர் ஏறி இறங்குவார். பிறகு வெளியே நின்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். பெற்றோர் இதை வாயாரப் புகழ்கிறார்கள். மனுதாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரே ராட்டினத்தின் வாசலில் அவர் இரண்டு முறை விடப்படுகிறார். ஒருமுறை அம்மாவைக் காணோம், அடுத்த முறை அப்பாவைக் காணோம். கணவனும் மனைவியும் ஒன்றாக வந்து தனித்தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு குடும்பச் சுற்றுலா இது.

வரிசையைப் பற்றி மனுதாரருக்குப் புகார் இல்லை. அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. முன்னால் நிற்பவரின் பைக்கட்டில் தொங்கும் நாடாவை இழுப்பதற்கான வாய்ப்பாகவே அவர் அதைக் கருதுகிறார். வரிசையைத் தாண்டிச் செல்லும் வசதி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இலவசமாக வந்தது. 2021இல் ஜீனி பிளஸ் ஆகி விலை ஒட்டப்பட்டது. 2024இல் லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் ஆனது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் தந்தையார் கைபேசியில் மேலும் ஆழமாகக் குனிந்துவிட்டார். இதனால் மனுதாரர் அவருடைய முகத்தைக் காண்பது குறைந்துவிட்டது என்பதை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறார்.

உறக்கம் குறித்து அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம். தாங்கள் காலையில் திறந்து, பல நாள்களில் இரவு பத்து மணிக்கும் மேலாக நடத்துகிறீர்கள். வாணவேடிக்கையோ மனுதாரர் வீட்டில் இரண்டாம் ஜாமத் தூக்கத்தில் இருக்கவேண்டிய நேரத்தில் தொடங்குகிறது. வெடிச் சத்தத்தில் அவர் அலறுகிறார். பக்கத்திலிருப்பவர்கள் “பாவம், எவ்வளவு சந்தோஷம் குழந்தைக்கு” என்கிறார்கள்.

ஆனாலும் தாங்கள் அறியாமலேயே சில நல்ல தூளிகளைக் கட்டிவைத்திருக்கிறீர்கள். அமெரிக்க அதிபர்கள் அனைவரும் இயந்திர உருவில் மேடையேறும் அரங்கம் அவற்றுள் தலையாயது. குளிரூட்டிய இருட்டு, மெத்தென்ற இருக்கை, சீரான குரலில் தேசத்தின் வரலாறு. இரண்டாவது நிமிடத்தில் மனுதாரர் தூங்கிவிடுவார். ஐந்தாவது நிமிடத்தில் தந்தையார். 1975 முதல் டுமாரோலேண்ட் என்ற பகுதியின் மேல் பத்து நிமிடம் நிதானமாக ஊர்ந்து வரும் பீப்பிள்மூவர் அடுத்தது. உயரக் கட்டுப்பாடு இல்லை, நிழல் உண்டு, காற்று உண்டு. ஜூலையில் ஆர்லாண்டோவின் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரியை ஒட்டியிருக்கும். பிற்பகலில் இடியோடு மழை. அப்போது இந்த இரண்டையும்விடப் பெரிய சாகசம் அந்தப் பூங்காவில் கிடையாது.

விடுதலைப் போராட்டம் நடக்கும் இடம் டம்போ. பறக்கும் யானை ராட்டினத்தை 2012இல் இரட்டிப்பாக்கி, வரிசைக்குப் பதிலாகக் குளிரூட்டிய கூடாரத்தில் விளையாட்டுத் திடலும் அமைத்தீர்கள். அங்கே ஏணி உண்டு, சறுக்கு உண்டு. முறை வந்ததும் பெற்றோர் அழைப்பார்கள். மனுதாரர் வரமாட்டார். அவருடைய விரல்களைச் சறுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, ஏற விரும்பாத யானையில் ஏற்றி, “பாரு, பறக்குறோம்” என்பார்கள். பக்கத்திலேயே கேசி ஜூனியர் என்ற சர்க்கஸ் ரயிலின் சிலைகள் தண்ணீரைப் பீய்ச்சுகின்றன. அதில் நனைய வரிசையும் இல்லை, உயரமும் வேண்டாம். ‘இன்னும் முக்கியமானதெல்லாம் பாக்கியிருக்கு’ என்று அங்கிருந்தும் தூக்கிச் செல்வார்கள்.

மிக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைக்காட்சியில் அவர் மனுதாரரின் உள்ளங்கை அளவு. நேரில் ஆளுயரம், பானை போன்ற தலை, இமைக்காத கண். மனுதாரர் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துவது அவமரியாதையால் அன்று. புகைப்படக்காரர் அந்த நொடியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார், அது சட்டமிடப்படுகிறது.

இத்தனைக்கும் நடுவில் மனுதாரரின் நெஞ்சைக் கொள்ளைகொண்டது வேறொன்று. ஃபுளோரிடா முழுக்கத் திரியும் வெள்ளை அரிவாள்மூக்கன் பறவை. உணவகத்தின் மேசைக்கடியில் வளைந்த அலகால் உருளைக்கிழங்கு வறுவலைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. மனுதாரர் துரத்துகிறார். அது நிற்கிறது. மறுபடி துரத்துகிறார். உயரம் சரியாக இருக்கிறது, வேகமும் சரியாக இருக்கிறது, கத்தினால் யாரும் புகைப்படம் எடுப்பதில்லை.

டெக்சஸிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் ஒரு பாராட்டையும் இங்கே சேர்க்கவேண்டும். வெளி உணவைக் கொண்டுவரத் தாங்கள் அனுமதிக்கிறீர்கள். கண்ணாடிப் பாத்திரத்துக்குத்தான் தடை, எவர்சில்வர் டப்பாவுக்கு இல்லை. குழந்தைப் பராமரிப்பு மையங்களில் சூடுபண்ணிக்கொள்ள மைக்ரோவேவும் வைத்திருக்கிறீர்கள். விசிட்டர் விசாவில் வந்த பாட்டி அங்கே உட்கார்ந்து பருப்புசாதம் ஊட்டும்போது, அந்த 25,000 ஏக்கரில் தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு வந்துவிட்டதாக மனுதாரர் உணர்கிறார். தள்ளுவண்டி 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேல் போகக்கூடாது என்று 2019 மே முதல் விதித்திருப்பதும் அவருக்குச் சம்மதமே. வண்டியில் பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும்தான் வருகின்றன. மனுதாரர் தோளில்.

இந்த இடம் எப்படிப் பிறந்தது என்பதைத் தங்களுக்கே நினைவூட்டவேண்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் தம் இரண்டு மகள்களைக் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று வால்ட் டிஸ்னிக்குத் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் வந்தது. அவர் 1966இல் காலமான பிறகு, அண்ணன் ராய் ஃபுளோரிடாப் பூங்காவைக் கட்டி முடித்தார். மனுதாரர் அந்தக் கதையைக் கேட்டுச் சொல்வது இதுதான்: குழந்தைகளுக்கு அன்று ராட்டினம் ஒன்றே போதுமாக இருந்தது. சலிப்பு வந்தது பெஞ்சில் இருந்தவருக்கு.

தங்களால் முடியாதது ஒன்றுமில்லை என்பதையும் மனுதாரர் அறிவார். 1967இல் ஃபுளோரிடா சட்டமன்றம் ரீடி கிரீக் என்ற தனி மாவட்டத்தையே தங்களுக்காக உருவாக்கியது. சாலை, கழிவுநீர், தீயணைப்பு எல்லாம் அதன் கையில். வேண்டுமானால் அணுமின் நிலையம் கட்டவும் அதிகாரம். 2023இல் மாநில அரசு அதன் பெயரையும் நிர்வாகக் குழுவையும் மாற்றும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. அணுவைப் பிளக்க அனுமதி வாங்கியவர்களுக்கு மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஒலிபெருக்கியை அணைப்பது பெரிய காரியமாக இருக்காது.

எனவே மனுதாரர் கோரும் பரிகாரங்கள்:

1. குறைந்தபட்ச உயரப் பலகைகளுக்கு இணையாக, டம்போ கூடாரத்தின் வாசலில் அதிகபட்ச உயரப் பலகை ஒன்று வைக்கவேண்டும். ஒரு மீட்டருக்கு மேற்பட்டோர் உள்ளே வந்து யாரையும் இழுத்துச் செல்லக்கூடாது.

2. ஊழியர் அனைவரையும் நடிகர் குழு என்று அழைப்பது தங்கள் வழக்கம். அரிவாள்மூக்கன்களையும் அந்தக் குழுவில் சேர்த்து, பெயர்ப்பட்டை வழங்கவேண்டும்.

3. அதிபர்கள் அரங்கில் விழித்திருப்போரை வெளியேற்றவேண்டும்.

4. பெரியவர்களின் ஆரம்பகால நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதிலிருந்தே தொடங்குகிறது என்பது உளவியலாளர் பலரும் ஏற்ற முடிவு. மனுதாரருக்கு இந்த வாரத்தில் எதுவும் நினைவிருக்கப்போவதில்லை. வெளியே சென்றவர் அதே சீட்டில் அன்றே மறுபடி உள்ளே வரலாம் என்பது தங்கள் விதி. அவர் எட்டு வயதில் திரும்பி வரும்போது அதையும் மறுநுழைவாகவே கருதவேண்டும்.

5. அதுவரை அவருடைய பெற்றோருக்கு ஆளுக்கொரு பெஞ்சும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் வழங்கவேண்டும்.

மூன்று வயது நிரம்பியவர்களிடம் மட்டுமே வாசலில் விரல் பதிவு எடுக்கப்படுவதால், தங்கள் ஆவணங்களில் மனுதாரரின் அடையாளம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, மிக்கி காது வைத்த சாக்லேட் ஐஸ்கிரீமில் தோய்ந்த இடது கைப் பெருவிரல் ரேகையைக் கீழே அவர் தாமாகவே முன்வந்து பதித்துள்ளார். வலது கையும் பதிந்துவிட்டது. காகிதத்தின் மறுபக்கத்திலும் பதிந்திருக்கிறது. அதையும் அசலாகவே ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மனுதாரர்
(எழுத்தரின் சட்டையிலும் ஒரு நகல் உள்ளது)